ரைனி: டாக்டர் ஒருவர் கண்டெடுத்த 40 கோடி வருடத் தோட்டம்

ஸ்காட்லாந்தில் அபர்டீன்ஷயர் பகுதியில் ரைனி என்று ஒரு சின்ன கிராமம். தேடிப் போனால் வயல்களும் கல் அடுக்கிய வேலிகளும்தான் கண்ணில் படும். விஷயமெல்லாம் மண்ணுக்கு அடியில்!

1912 வாக்கில் அந்தப் பக்கம் பாறைகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர் வில்லியம் மெக்கி. எல்ஜின் ஊரில் டாக்டர். பாறை பார்ப்பது பொழுதுபோக்கு. வயல் வேலியில் இருந்த ஒரு வித்தியாசமான கல்லை அவர் கவனித்தார். சிக்கிமுக்கிக் கல் இனத்தைச் சேர்ந்த 'செர்ட்'. அதை மெல்லிசாகத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால்... உள்ளே செடிகளின் தண்டுகள், செல் செல்லாக!

டெவோனியன் காலத்தில், சுமார் 40 கோடியே 70 லட்சம் வருடங்களுக்கு முன், அங்கே வெந்நீர் ஊற்றுகள் இருந்தன. சிலிக்கா கரைந்த நீர் பொங்கி வழிந்து, செடிகள் அழுகுவதற்குள் அப்படியே கல்லாக்கிவிட்டது. ராபர்ட் கிட்ஸ்டன், வில்லியம் லாங் இருவரும் 1917 முதல் 1921 வரை ஐந்து கட்டுரைகளில் இவற்றை விவரித்தார்கள். 'ரைனியா' என்ற செடி ஒரு ஜாண் உயரம்தான். இலை கிடையாது, வேரும் கிடையாது.

வேர் இல்லாமல் எப்படிச் சாப்பிட்டது? அதற்கும் அந்தக் கல்லிலேயே தடயம் இருந்தது. அங்கிருந்த 'அக்லாவோபைட்டன்' என்ற இன்னொரு செடியின் செல்களுக்குள் குட்டி மரம் போலக் கிளை விரித்த பூஞ்சையை 1994-ல் அடையாளம் கண்டார்கள். இன்றும் பெரும்பாலான செடிகளின் வேர்களில் இதே அமைப்பு உண்டு. பூஞ்சை மண்ணிலிருந்து பாஸ்பரஸ் எடுத்துக் கொடுக்கும். செடி பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கும். நம்மூர் விவசாயிகள் 'வேம்' என்று வாங்கி நாற்றுக்கு இடும் உயிர் உரம் இந்தப் பூஞ்சைதான்!

செடிகள் தரையில் நிலைத்ததற்கு இந்தக் கூட்டு பெரிய காரணம் என்பது விஞ்ஞானிகளின் கருத்து. வலுத்தது பிழைக்கும் என்றே கேட்டுப் பழகிவிட்டோம். ரைனி சொல்வது வேறு: புது இடத்தில் வேரில்லாமல் வந்து நின்ற செடி, கொடுத்து வாங்கித்தான் பிழைத்தது. ஊர் விட்டு ஊர் வந்து, அக்கம்பக்கத்தார் தயவில் காலூன்றிய நமக்கு இது புரியாதா என்ன?

டாக்டர் அந்த வேலியைச் சும்மா கடந்து போயிருந்தால்? அடுத்த முறை உங்கள் பிள்ளை ரோட்டோரக் கல்லைப் பொறுக்கி வந்தால், தூக்கி எறியச் சொல்லாதீர்கள்.