பம்பாய்த் தாய்மாரும் பொஸ்டன் பிள்ளைகளும்

குருதிப் புற்றுநோய்க்கு 'லுகேமியா' என்ற பெயரைச் சூட்டியவர் ஜேர்மனிய வைத்தியரான ருடோல்ஃப் ஃபிர்ஹோ. 'வெண்குருதி' என்பது அச்சொல்லின் பொருள். அவர் பெயரிட்ட ஆண்டு 1847. பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. அதற்குப் பின் நூறு ஆண்டுகளாக, இந்நோயின் தீவிர வகை கண்ட குழந்தைக்கு வைத்திய உலகம் கொடுக்கக்கூடியதாயிருந்தது குருதி ஏற்றலும் நோவு தணித்தலும்தான். பிள்ளை சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் இறந்துவிடும். இன்று செல்வந்த நாடுகளில், பிள்ளைகளிடம் அதிகம் காணப்படும் தீவிர நிணநீர்க்கல வகை கண்ட பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கின்றனர்.

இம்மாற்றத்தின் கதையை வழமையாக 1947 ஆம் ஆண்டின் பொஸ்டன் நகரில் தொடங்குவார்கள். அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் முன்னே சென்று பம்பாயில் தொடங்குவதே நியாயம் என்பது எனது எண்ணம். ஏனெனில் இந்த மருந்தின் வேர் அங்கிருந்த ஏழைத் தாய்மாரின் வெறும் வயிற்றில் இருக்கிறது.

1928 இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் வைத்தியர் பம்பாய்க்கு வந்தார். அங்குள்ள ஆலைத் தொழிலாளரிடையே கர்ப்பிணிப் பெண்களைக் கொல்லும் ஒருவகைக் குருதிச்சோகைக்குக் காரணம் தேடுவது அவரது பணி. நோய் அதிகமாகக் காணப்பட்டது வறிய முஸ்லிம் பெண்களிடத்தில். வில்ஸ் கிருமியைத் தேடினார், கிடைக்கவில்லை. பின்பு அப்பெண்களின் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தார். மரக்கறியும் பழமும் பாலும் அரிதான தட்டு அது. 1929 இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் அவர்களது உணவைப் போன்ற ஓர் உணவை எலிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தார். 1931 இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் பணியாற்றினார். பர்தா பேணும் பெண்கள் வந்து வைத்தியம் பெறுவதற்கென்றே எழுந்த அவ்விடம் இன்று கஸ்தூர்பா காந்தி வைத்தியசாலை எனப்படுகிறது.

அவர் கண்டடைந்த மருந்து விலையுயர்ந்ததல்ல. மதுவம் எனப்படும் ஈஸ்ட்டிலிருந்து செய்யப்படும் மாமைட்! எமது வீடுகளில் பாணுக்குப் பூசும் அதே கறுப்புப் பசைதான். அதை உண்ட தாய்மார் தேறினர். 1931 இல் வில்ஸ் இதனை எழுதி வெளியிட்டார். இலங்கையில் 1934-35 மலேரியாக் கொள்ளைநோயின்போது சூரியமல் இயக்கத்தார் மாமைட்டை உருண்டைகளாகப் பிடித்து நலிந்த மக்களுக்கு வழங்கியதும் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது.

மாமைட்டில் இருந்த அப்பொருள் எது? 1941 இல் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தார் நான்கு தொன் ஸ்பினாச் கீரையைப் பிழிந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். இலைக்கு இலத்தீன் மொழியில் 'ஃபோலியம்'. எனவே அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தனர். கலங்கள் பிரிந்து பெருகுவதற்கு அது இன்றியமையாதது. குருதிக் கலங்கள் ஓயாது பெருகவேண்டியவை. ஆதலால் அது குறையும்போது முதலில் வாடுவது குருதியே. வில்ஸின் புதிர் இவ்வாறு அவிழ்ந்தது.

இப்போது இன்னொரு மனிதர் வருகிறார். எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895 இல் அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்தவர். அவரது சகோதரர் இருவர் 'ஸ்புரூ' எனும் குடல் நோயால் அடுத்தடுத்து இறந்தனர். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதராடை உடுத்தமையால் ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, உரிய பட்டம் மறுக்கப்பட்டு, அதனிலும் தாழ்ந்த சான்றிதழுடன் வெளியேறினார். அமெரிக்கா சென்று ஹாவார்டில் படித்த காலத்தில் வயிற்றுப்பாட்டுக்காக வைத்தியசாலையொன்றில் இரவுப் பணியாளாக வேலை செய்தார். உயிரிரசாயனத்தில் பெரும் கண்டுபிடிப்புகளில் பங்காற்றியும் அங்கே நிரந்தரப் பதவி கிட்டவில்லை. 1940 இல் லெடர்லே என்ற மருந்துக் கம்பனியின் ஆய்வுகூடத்துக்குச் சென்றார். அவரது தலைமையில் அங்குள்ளோர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்து 1945 இல் அறிவித்தனர். சகோதரர்களைக் கொன்ற ஸ்புரூ நோயின் குருதிச்சோகையைத் தீர்த்ததும் அதுவே.

அந்த அமிலத்தோடு நெருங்கிய உறவுடைய பொருள்கள் பொஸ்டன் சிறுவர் வைத்தியசாலையில் நோயியலாளராக இருந்த சிட்னி ஃபார்பரின் கைக்கு வந்தன. எலிகளின் கட்டிகளை அப்படியான பொருள் சுருக்கியதாக முன்னர் ஓர் அறிக்கை வெளிவந்திருந்தது. குருதியை வளர்க்கும் பொருள் குருதிப் புற்றையும் சீர்ப்படுத்தலாம் என்ற நம்பிக்கையில் அவர் அதை நோயுற்ற பிள்ளைகளுக்குக் கொடுத்தார். நடந்தது மறுதலை. புற்றுக் கலங்கள் முன்னிலும் வேகமாகப் பெருகின.

வேறொருவர் இத்தோடு கோப்பை மூடி வைத்திருக்கக்கூடும். ஃபார்பர் அந்தத் தோல்வியையே கேள்வியாக்கினார். இப்பொருளைக் கொடுத்தால் நோய் வளர்கிறது; அப்படியாயின் இதைத் தடுத்தால்?

பாடசாலையில் நொதியங்களைப் படிப்பிக்கும்போது பூட்டையும் திறப்பையும் உவமை காட்டுவோம். உண்மையான திறப்பைப் போலவே வெட்டப்பட்ட, ஆனால் ஒரு பல் பிசகிய திறப்பைப் பூட்டில் நுழைத்தால் அது உள்ளே இறுகிக்கொள்ளும். பூட்டும் திறபடாது, நல்ல திறப்பும் நுழையாது. சுப்பாராவின் ஆய்வுகூடம் ஃபோலிக் அமிலத்துக்கு அவ்வாறான பொய்த் திறப்புகளைச் செய்தது. அவற்றுள் ஒன்று அமினோப்டெரின். 1947 இன் இறுதியில் அது பொஸ்டன் பிள்ளைகளுக்கு ஏற்றப்பட்டது. பிள்ளைகளை நிம்மதியாகச் சாக விடாமல் இதென்ன வதை என்று சக வைத்தியர்கள் முணுமுணுத்தனர். அந்த முணுமுணுப்பில் நியாயமே இல்லையென்று சொல்லமுடியாது. முந்திய பொருள் நோயை வளர்த்திருந்தது. இதுவும் நஞ்சே.

1948 ஜூனில் முடிவு வெளியாயிற்று. பதினாறு பிள்ளைகளில் பத்துப் பேர் தேறியிருந்தனர். வீங்கிய மண்ணீரல் சுருங்கியது. படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தனர். ஆனால் ஃபார்பர் குழுவினர் தமது கட்டுரைத் தலைப்பிலேயே 'தற்காலிக' என்ற சொல்லை வைத்தனர். நோய் திரும்பி வந்தது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. வெற்றி முரசு கொட்டும் நேரத்தில் இப்படியொரு சொல்லை எழுதுவதற்குத் துணிவு வேண்டும். மருத்துவ ஆய்வை வைத்தியப் புளுகிலிருந்து பிரிப்பது அந்த ஒரு சொல்தான். அடுத்து வந்தோரின் வேலையைத் தீர்மானித்ததும் அதுவே: தற்காலிகத்தை நிரந்தரமாக்குவது எப்படி?

அக்கட்டுரை வெளிவந்து இரண்டு மாதங்களில், 1948 ஓகஸ்டில், சுப்பாராவ் தமது 53 ஆவது வயதில் காலமானார்.

விடை துண்டு துண்டாகவே வந்தது. கேர்ட்ரூட் எலியனும் ஜோர்ஜ் ஹிட்சிங்ஸும் மேர்கப்டோபியூரினை ஆக்கினர். எலியன் பதினைந்து வயதில் தம் பாட்டனாரை இரைப்பைப் புற்றுக்குப் பறிகொடுத்தவர். இன்னொரு மருந்து, எங்கள் வளவுகளில் தண்ணீர் ஊற்றாமலே பூக்கும் பட்டிப்பூவிலிருந்து வந்தது. தமிழில் நித்தியகல்யாணி என்ற மங்கலப் பெயரும் சுடுகாட்டுமல்லி என்ற அமங்கலப் பெயரும் ஒருங்கே கொண்ட செடி. சிங்களத்தில் 'மினீ மல்', அதாவது பிணப்பூ. ஜமேக்காவில் நீரிழிவுக்குக் குடிக்கிறார்கள் என்று 1952 இல் அதன் இலைகள் கனடாவுக்கு அனுப்பப்பட்டன. ரொபர்ட் நோபிளும் சார்ல்ஸ் பியரும் எலிகளில் சோதித்தபோது சீனி இறங்கவில்லை, வெண்குழியங்கள் இறங்கின. இதுவும் தோல்வியே. அவர்கள் அந்தத் தோல்வியைப் பின்தொடர்ந்து வின்பிளாஸ்டினைக் கண்டனர். அதே செடியின் வின்கிறிஸ்டின் 1963 முதல் பிள்ளைகளின் குருதிப் புற்றுக்கு மருந்தாயிற்று. பிணப்பூ உயிர்ப்பூவாயிற்று.

காசநோய்க்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த அனுபவத்தைப் பின்பற்றி, 1960 களின் தொடக்கத்தில் எமில் ஃபிரை, எமில் ஃபிரைரைக் ஆகிய இருவரும் நான்கு மருந்துகளை ஒன்றாகக் கொடுத்தனர். அவற்றுள் ஒன்று அமினோப்டெரினின் தம்பியான மெதோட்ரெக்சேட். மருந்து எட்டாத மூளையில் நோய் ஒளிந்திருந்து திரும்பியது. மெம்பிஸ் நகரின் சென்ற் ஜூட் வைத்தியசாலையில் டொனால்ட் பிங்கல் அங்கும் அதைத் துரத்தினார். 1967 இல் தொடங்கிய அவரது சிகிச்சைத் திட்டத்தில் ஏறக்குறைய அரைவாசிப் பிள்ளைகள் முற்றாகக் குணமாயினர். பின்னர், மூளைக்குச் செலுத்திய கதிர்வீச்சு பிள்ளைகளின் கற்றலையும் வளர்ச்சியையும் பாதிப்பது தெரியவர, அது படிப்படியாகக் குறைக்கப்பட்டது. பிழைத்தால் போதாது, நன்றாக வாழவும் வேண்டும் என்று வைத்தியம் கற்றுக்கொண்ட இடம் அது.

இவ்வரலாற்றை மேற்கின் கொடை என்று வியப்பவரும் உண்டு. எல்லாம் எமது பழைய ஏடுகளில் இருந்ததே என்று வீம்பு பேசுவோரும் உண்டு. இரு கூற்றுமே பொய். பம்பாய்த் தாய்மாரின் குருதி, ஆந்திரத்து மனிதரின் மூளை, ஜமேக்காவின் இலை, பொஸ்டன் பிள்ளைகளின் வலி ஆகிய எல்லாம் சேர்ந்து வந்ததே இம்மருந்து. அத்தாய்மாரின் பெயர்கள் எந்தப் பரிசுப் பட்டியலிலும் ஏறவில்லை.

ஆனால் பலன் மட்டும் எல்லோருக்கும் சமமாகக் கிட்டவில்லை. செல்வந்த நாடுகளில் புற்றுநோய் கண்ட பிள்ளைகளில் 80 வீதத்துக்கு மேற்பட்டோர் பிழைக்க, வறிய நாடுகள் பலவற்றில் அத்தொகை 30 வீதத்தையும் எட்டவில்லை. இதை மாற்றவே உலக சுகாதார நிறுவனம் 2018 இல், 2030 க்குள் உலகெங்கும் குறைந்தது 60 வீதம் என்ற இலக்கை வகுத்தது. நோய் தாமதமாக அறியப்படுவதும், மருந்து கிடைக்காததும், சிகிச்சை இடைநடுவில் கைவிடப்படுவதும் இவ்விடைவெளிக்கான காரணங்கள். நோயின் பெயரையே வாய்விட்டுச் சொல்லக் கூசி, 'அந்த வருத்தம்' என்று மறைக்கும் எமது வழக்கத்துக்கும் அந்தத் தாமதத்தில் பங்குண்டு.

இன்று எமது கிராமத்துக் கிளினிக்கில் கர்ப்பிணித் தாய்க்கு மருத்துவமாது கொடுக்கும் ஃபோலிக் அமிலக் குளிசையும், மஹரகம வைத்தியசாலையில் குருதிப் புற்றுக் கண்ட பிள்ளைக்குக் கொடுக்கப்படும் மெதோட்ரெக்சேட்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை, ஒரே குடும்பத்தவை. இரண்டுக்குமான வழி, மரக்கறி வாங்கக் காசில்லாத அந்தப் பெண்களின் தட்டிலிருந்துதான் தொடங்கிற்று.