வில்லங்கத்தில் வராத மனைவி

தில்லை நகரின் குறுக்குத் தெருக்களுக்கு எண்களே பெயர். அத்தகைய தெருவொன்றின் வழியாகத்தான் நாம் நாள்தோறும் பள்ளிக்குச் செல்கிறோம். சென்ற திங்களில் ஒரு நாள், அங்கே ஒரு வீட்டின் இரும்புக் கதவில் புதிதாக ஒரு பலகை தொங்கக் கண்டோம்: 'வீடு விற்பனைக்கு.' இதில் வியப்பென்ன இருக்கிறது? பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி எழுப்பும் பகுதியாகத் தில்லை நகர் மாறி நெடுநாளாயிற்று. ஆனால் அந்த வீட்டில் ஒரு தாய் தன் இரு பிள்ளைகளுடன் குடியிருந்தார். மூத்தவள் நம் மாணவி. தந்தை வேறிடத்தில் வாழ்கிறார். மணவிலக்கு வழக்கு நீதிமன்றத்தில் நடக்கிறது. "விற்கப் போகிறீர்களா அம்மா?" என்று கேட்டோம். "நான் எங்கே விற்கிறது டீச்சர்? பத்திரம் அவர் பேரில் இருக்கு. கட்டும்போது என் வளையல் ஆறும் போச்சு, அது எந்தப் பத்திரத்தில் இருக்கு?" என்றார்.

அந்த வினாவுக்கு விடை தேடிச் சட்ட வரலாற்றைப் புரட்டினோம். கண்டதைத் தோழர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மனையைக் கொண்டே மனைவி என்றது தமிழ். இல்லத்தைக் கொண்டு இல்லாள் என்றது. அதையே ஆண்பாலாக்கி இல்லான் என்று சொல்லிப் பாருங்கள். ஏதுமற்றவன் என்றல்லவா பொருள் வருகிறது! சொல்லில் இத்தனை உரிமை தந்த சமுதாயம், சொத்தில் தந்தது என்ன? மனைவி, மகன், அடிமை ஆகிய மூவருக்கும் சொத்தில்லை என்று எழுதி வைத்தது மனுவின் நூல். பெண்ணுக்கென விடப்பட்டது சீதனம் ஒன்றே. அதிலும் பெரும்பகுதி நகை. நகைக்கு இந்நாட்டில் ஒரு தனி ஊழ் உண்டு. மனை வாங்க முன்பணம் குறைகிறதா, மேல்தளம் போடக் கம்பி வாங்க வேண்டுமா, அடகுக் கடைக்குப் போவது மனைவியின் நகை. திரும்பி வருவது செங்கல்லாக, சிமெண்டாக, கணவன் பெயரிலுள்ள கிரயப் பத்திரமாக! பெண்ணுக்குரிய ஒரே சொத்து இப்படி உருமாறி ஆணின் சொத்தாகிறது. இதைத் திருட்டென்று எவரும் சொல்வதில்லை, குடும்பம் என்கிறார்கள்.

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்ணுக்கு ஆணுடன் சமமான சொத்துரிமை வேண்டும் என்றும், மணவிலக்கு உரிமை வேண்டும் என்றும் ஒரே மேடையில் தீர்மானம் நிறைவேற்றியது. இரண்டையும் சேர்த்துக் கேட்டதை இங்கே கருதிப் பார்க்க வேண்டும். மணவிலக்கு மட்டும் இருந்து சொத்து இல்லையென்றால், கதவு திறந்திருக்கும், போக இடமிருக்காது. சொத்து மட்டும் இருந்து மணவிலக்கு இல்லையென்றால், இடமிருக்கும், கதவு பூட்டியிருக்கும். பின்னர் சட்டம் இயற்றியவர்கள் இவ்விரண்டையும் பிரித்தே கையாண்டனர். நம் மாணவியின் தாய் இன்று படும் பாட்டுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்பது எமது துணிபு.

1937ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்தில் பங்கு தந்தது. அதுவும் அவள் ஆயுள் உள்ளவரை அனுபவிக்கத்தான். கணவன் உயிரோடிருக்கும் மனைவிக்கு அதனால் பயனில்லை. 1946ஆம் ஆண்டுச் சட்டம், கொடுமை செய்த கணவனையோ மறுமணம் செய்த கணவனையோ பிரிந்து வாழவும் சீவனாம்சம் பெறவும் வழி செய்தது. 1949இல் சென்னை மாகாணம், இருதார மணத்தைத் தடுத்து மணவிலக்குக்கு வகை செய்யும் சட்டத்தை இந்துக்களுக்கென இயற்றியது. மத்தியில் இச்சீர்திருத்தங்களை ஒன்றாய்த் தொகுத்து நிறைவேற்ற முயன்ற அண்ணல் அம்பேத்கர், வைதீகத்தின் எதிர்ப்பால் மசோதா முடங்கியது கண்டு, 1951 செப்டம்பரில் அமைச்சர் பதவியைத் துறந்தார். பின்னர் அது துண்டு துண்டாக 1955இலும் 1956இலும் சட்டமாயிற்று.

1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் மணவிலக்குத் தந்தது, சரி. வீட்டைப் பற்றி அது என்ன சொன்னது? 25ஆம் பிரிவில் நிலையான சீவனாம்சம். தேவையானால் அதற்குக் கணவனின் அசையாச் சொத்தைப் பொறுப்பாக்கலாம். 27ஆம் பிரிவில், திருமணத்தின்போதோ அதையொட்டியோ இருவருக்கும் கூட்டாக அளிக்கப்பட்ட சொத்தைப் பற்றி நீதிமன்றம் ஆணையிடலாம். அதாவது பித்தளைக் குத்துவிளக்குக்கும் கட்டிலுக்கும் சட்டத்தில் இடமுண்டு. மணமான பின், இருவர் உழைப்பில், இருபது ஆண்டுகளில் எழுந்த வீட்டுக்கு அப்பிரிவில் இடமில்லை!

மறு ஆண்டு வந்த வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கும் பங்கு தந்தது. ஆயினும் அதன் 23ஆம் பிரிவு, குடும்பம் வாழும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ளத் துணியும் வரை மகள் பாகம் கேட்கக் கூடாதென்றது. கைவிடப்பட்டவளோ பிரிந்து வந்தவளோ அங்கே தங்கலாம், அவ்வளவே. புகுந்த வீட்டில் பத்திரமில்லை. பிறந்த வீட்டில் பாகமில்லை. 2005இல் நீக்கப்படும் வரை அந்தப் பிரிவு ஏட்டில் இருந்தது.

மேல்நாட்டில் மட்டும் பெண் மகிழ்ந்திருந்தாளோ என்றால், இல்லை. இங்கிலாந்தில் ஒரு கணவன், மனைவியையும் பிள்ளைகளையும் வீட்டில் விட்டுப் பிரிந்து சென்றான். பிறகு ஒரு கம்பெனியை அமைத்து, வீட்டை அதன் பெயருக்கு மாற்றி, வங்கியில் ஈடு வைத்தான். கடன் திரும்பவில்லை. வங்கி வீட்டைக் கேட்டது. கைவிடப்பட்ட மனைவிக்கு வீட்டில் தங்கும் உரிமையுண்டு என்று டென்னிங் பிரபு போன்ற நீதிபதிகள் அதற்கு முன் சில ஆண்டுகளாகவே தீர்ப்பளித்து வந்தனர். ஆனால் வழக்கு பிரபுக்கள் சபைக்குச் சென்றபோது, 1965இல், மனைவியின் உரிமை கணவனை மட்டுமே கட்டும், வங்கியைக் கட்டாது என்று முடிந்தது. அத்துடன் அந்நாடு ஓய்ந்துவிடவில்லை என்பதே நாம் அறிய வேண்டியது. இரண்டே ஆண்டுகளில், 1967இல், மணவீட்டுச் சட்டம் வந்தது. பத்திரத்தில் பெயரில்லாத மனைவியும் தன் குடியிருப்புரிமையைப் பதிவேட்டில் ஏற்றி வைக்கலாம். பதிவைப் பார்க்கும் எவரும், இந்த வீட்டில் ஒரு மனைவி இருக்கிறாள் என்று அறிந்துகொள்வர். மணவாழ்வு சட்டப்படி நீடிக்கும் வரை அவ்வுரிமை வாங்கியவனையும் கட்டும்.

கடல் கடந்து போவானேன்? கோவாவில், 1867ஆம் ஆண்டுப் போர்ச்சுக்கீசியச் சிவில் சட்டத்தின் வழிவந்த முறைப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்துக் கணவன் மனைவி சொத்து இருவருக்கும் பொது. மனைவியின் இசைவின்றி அசையாச் சொத்தைக் கணவன் விற்க முடியாது. யாழ்ப்பாணத்துத் தமிழரோ, டச்சுக்காரர் 1707இல் தொகுத்த தேசவழமையில், மணவாழ்வில் ஈட்டியதற்குத் தேடியதேட்டம் என்று தனிப்பெயரிட்டு இருவருக்கும் பங்கு வைத்தனர். அதே தேசவழமை, தன் சீதன வீட்டை விற்கவும் மனைவி கணவனின் இசைவைப் பெற வேண்டும் என்பதால், முழுமனதோடு புகழ நமக்கு இயலவில்லை. எனினும் தேடிய தேட்டம் இருவருடையது என்ற எண்ணம் தமிழருக்குப் புதிதன்று.

தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தம் மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்தது. அதற்குமுன் மணமான பெண்களை விட்டுவிட்டது. மனைவிக்கென ஓர் உருப்படியான அரண் எழுந்தது 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில்தான். பத்திரம் யார் பெயரில் இருந்தாலும், வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமை அவளுக்குண்டு என்றது அது. வன்முறைக்கு ஆளானவள் என்று நடுவர் கண்டால், அந்த வீட்டை விற்கக் கூடாதென 19ஆம் பிரிவின்படி தடுக்கலாம். மாமியார் பெயரிலுள்ள வீட்டுக்கு இவ்வுரிமை செல்லாதென 2006இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதைத் திருத்தி 2020இல் மூவர் அமர்வு தீர்ப்பளிக்கப் பதினான்கு ஆண்டுகள் சென்றன.

ஆனால் இது தங்கும் உரிமை, உடைமை அன்று. மணவிலக்கில் கணவன் சொத்தில் மனைவிக்குப் பங்கு தர முற்பட்ட மசோதா ஒன்று 2013இல் மாநிலங்களவையில் நிறைவேறி, மறு ஆண்டு மக்களவை கலைந்தபோது தானும் காலாவதியாயிற்று. அதற்கப்பால் ஒளி தந்தது நம் சென்னை உயர் நீதிமன்றம். வளைகுடா நாட்டில் உழைத்துக் கணவன் அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்து முழுதும் அவனுக்கே உரியதா என்ற வழக்கில், வீட்டையும் பிள்ளைகளையும் பேணிய மனைவியின் உழைப்பும் அச்சொத்தில் கலந்ததே. அவளுக்குச் சமபங்குண்டு என்று 2023 ஜூனில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். சோறாக்கியதற்கும் கணக்கெழுதிய தீர்ப்பு அது! ஆயினும் ஒரு தீர்ப்பு சட்டமாகிவிடாது. ஒவ்வொரு பெண்ணும் தனித்தனியே வழக்காடியே அதை எட்ட வேண்டும்.

தில்லை நகர் வீட்டுக்கு வருவோம். வழக்கு நடக்கும்போதே விற்கலாமா என்று கேட்கிறீர்களா? 1882ஆம் ஆண்டுச் சொத்துமாற்றுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, அந்தச் சொத்தின் உரிமையைப் பற்றியே வழக்கு இருந்தால்தான் வாங்குபவரைக் கட்டும். வெறும் மணவிலக்கு மனு வீட்டைக் காக்காது. சீவனாம்ச உரிமையோ, அது இருப்பதை அறிந்து காசு கொடுத்து வாங்கியவரைத்தான் தொடரும். அவர் எப்படி அறிவார்?

சென்ற வாரம் தரகர் ஒருவர் வாங்குவோரை அழைத்து வந்தார். முப்பது ஆண்டுக்கு வில்லங்கச் சான்று எடுத்து வைத்திருந்தார். வங்கியின் ஈடு அதில் இருந்தது, தீர்த்த ரசீதும் இருந்தது. "வேறொன்றும் இல்லை, சுத்தமான சொத்து" என்றார். அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர், அந்தச் சான்றில் ஒரு வில்லங்கமாகக்கூட இடம்பெறாத அந்த அம்மையார்தான். மறுநாள் காலையில், குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி மனுப்போட என்னென்ன தாள்கள் வேண்டும் என்று கேட்டுப் பள்ளி வாயிலில் நம்மைக் காண வந்தார். அடகுக் கடை ரசீதுகளையும் தேடி எடுத்து வரச் சொல்லி அனுப்பினோம்.