தங்கத்தின் தோழர்கள்

சங்கரன்கோவிலை அடுத்த குருவிகுளம் போன்ற கரிசல் பகுதிகளில் கிணறு வெட்ட முற்படுவோர் நீரோட்டம் பார்ப்பவரைத் தேடிச் செல்வது வழக்கம். கவைக்குச்சியை இரு கைகளாலும் பிடித்து நடப்பவர் ஒரு வகை. நிலத்தில் இரும்பு முளைகளை அறைந்து, மின்னோட்டம் செலுத்தி, மண்ணின் மின்தடையை அளப்பவர் மற்றொரு வகை. நாம் தண்ணீருக்காகக் கையாளும் இவ்விரு வழிகளையும் ஐரோப்பியர் உலோகத் தாதுக்களைத் தேடக் கையாண்டனர். முன்னதிலிருந்து பின்னதற்கு வந்துசேர அவர்களுக்குச் சில நூற்றாண்டுகள் பிடித்தன.

பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளரிடையே கவைக்குச்சிக்குப் பெரும் செல்வாக்கு இருந்தது. அதை ஐயுற்று எழுதியவர் மருத்துவரான ஜார்ஜியஸ் அக்ரிகோலா. சுரங்கத் தொழில் பற்றிய அவரது பெருநூல், அவர் மறைந்த மறு ஆண்டான 1556-இல் வெளிவந்தது. நல்ல சுரங்கத் தொழிலாளி குச்சியை நம்பாமல் நிலத்தின் இயற்கைக் குறிகளையே நோக்க வேண்டும் என்பது அவர் கருத்து. (இறுதிவரை கத்தோலிக்கராக வாழ்ந்த அவருக்கு, அவர் நகரத் தலைவராகப் பணியாற்றிய கெம்னிட்ஸ் நகரம் அடக்கத்திற்கு இடம் மறுத்தது; சைட்ஸ் நகரப் பேராலயமே இடம் தந்தது.) அடுத்த நூற்றாண்டில் சேசு சபைத் துறவி அத்தனாசியுஸ் கிர்ச்சர், குச்சியை மனிதக் கையில் கொடுக்காமல் ஒரு தாங்கியின்மேல் நிறுத்திச் சோதித்தார். அருகில் உலோகம் இருந்தும் குச்சி அசையவில்லை. அசைவு கையிலிருந்தே பிறந்தது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமோ?

உண்மையான விடைக்கு வித்திட்டவர் மைக்கேல் ஃபாரடே. மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று அவர் 1831-இல் கண்டறிந்தார். கம்பிச்சுருள் ஒன்றில் மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்தினால் அதன் காந்தப்புலம் பாறைக்குள் பரவும். அங்கே மின்சாரத்தைக் கடத்தும் தாது இருந்தால் அதனுள் சுழல் மின்னோட்டம் எழும். அவ்வோட்டம் தனக்கென ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்கும். அந்த மறுமொழியை வேறொரு கம்பிச்சுருள் வாங்கிக்கொள்ளும். ஸ்வீடன் நாட்டவர் இவ்வகை மின்முறைகளைக் களத்தில் கையாண்டு, சதுப்பும் பனியாற்று மண்ணும் மூடிக்கிடந்த போலிடன் தாதுவை 1924-இல் கண்டனர். அது பின்னர் ஐரோப்பாவின் பெரும் தங்கச் சுரங்கங்களுள் ஒன்றாயிற்று.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். கம்பிச்சுருள் தங்கத்தைக் காண்பதில்லை. ஒரு டன் பாறையில் சில கிராம் மட்டுமே கலந்திருக்கும் பொன், எந்தக் காந்தப்புலத்திற்கும் மறுமொழி தராது. அதனுடன் சேர்ந்து கிடக்கும் கந்தகம் கலந்த இரும்பு, செப்புத் தாதுக்களே மறுமொழி தருகின்றன. தோழரைக் கண்டு ஆளை அறிவதுபோல்தான் இதுவும். போலிடனில் அத்தோழர்கள் நிறைந்திருந்தனர். தோழரே இல்லாத இடத்தில் கருவி ஊமையாகிவிடும். பென்சிலுக்குப் பயன்படும் கிராஃபைட் பாறையில் இருந்தாலோ பொய்யும் சொல்லும்.

தமிழர் வியர்வை சிந்திய கோலார் தங்கவயலை இவ்விடத்தில் நினையாதிருக்க இயலாது. 1802-இல் லெப்டினன்ட் ஜான் வாரன் அங்கே வந்தபோது கிராமத்தார் மண்ணைக் கழுவிப் பொன் எடுத்துக்கொண்டிருந்தனர். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தது. தொடக்கத்தில் முதலீடு கரைந்து நம்பிக்கையும் குலைந்தது. முன்னோர் தோண்டிவைத்த பழங்குழிகளைப் பின்பற்றி ஆழமாகச் சென்றபோதுதான் சாம்பியன் தாதுப்படலம் அகப்பட்டது. பெயரறியா அம்முன்னோரே தங்கவயலின் முதல் ஆய்வாளர்கள் என்பேன்.

வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற ஏழைத் தமிழர்கள், அவர்களிலும் பெரும்பான்மையோர் தாழ்த்தப்பட்ட மக்கள், அச்சுரங்கங்களை 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்திற்குக் கொண்டுசென்றனர். அங்கே பாறையின் வெப்பமே 60 டிகிரியைத் தாண்டியது. அழுத்தம் தாளாமல் பாறை வெடித்துச் சிதறி உயிர்களைக் குடித்தது. உயிர் தப்பியோரின் நுரையீரலில் கல்தூசி படிந்தது. தாது இருக்குமென நம்பி வெட்டிய பாதையில் வெறும் பாறையே கிடைத்தால் நட்டம் பணத்தில் மட்டுமா? அந்த ஒவ்வொரு அடிக்கும் ஒரு மனிதன் தன் மூச்சைக் கொடுத்திருக்கிறான். வெட்டுமுன் அறிதல் என்பது அவனைப் பொறுத்தவரை ஆராய்ச்சியாளரின் ஆர்வமன்று, ஆயுள்.

அத்தகைய ஆழத்திலுள்ளதை நிலப்பரப்பிலிருந்து கேட்டறிய இயலாது. மாறுதிசைப் புலம் பாறைக்குள் செல்லச் செல்லத் தேய்கிறது. மேல்மண்ணின் ஈரமும் உப்பும் அதை முன்னதாகவே உறிஞ்சிவிடுகின்றன. ஆகவே கருவியையே சுரங்கத்தினுள் கொண்டுசெல்லும் முறைகள் பிறந்தன. ஒரு பாதையில் வானொலி அலைபரப்பியையும் அடுத்த பாதையில் வாங்கியையும் வைத்தால், இடையில் கடத்தும் தாது இருக்குமிடத்தில் அலை வலுவிழக்கும். பாறையின்மீது நிழல் விழுவது போன்றது அது. சுரங்கத்திலிருந்து துளையிட்ட குறுகிய குழாய்த்துளைக்குள் வாங்கியை இறக்கினால், துளை தொடாமல் விட்ட தாதுவும் பக்கவாட்டிலிருந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் தண்டவாளம், நீர்க்குழாய், மின்கம்பி யாவும் தாமும் கடத்திகளே. அவை எழுப்பும் இரைச்சலிலிருந்து தாதுவின் குரலைப் பிரித்தெடுப்பதே அளவையாளருக்குப் பெரும்பாடு.

தங்கவயலில் இக்கலைக்கு இடம் பாதிதான் இருந்தது. சாம்பியன் படலம் படிகக்கல்லால் ஆனது. அது மின்சாரத்தைக் கடத்தாது. மேற்குப்புறப் படலங்களில்தான் கந்தகத் தாதுக்கள் உண்டு. எனவே ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அங்கு தாதுவைத் தேடித்தந்தவை பெரும்பாலும் துளைக்கருவியும் உளியும் மனிதக் கண்ணுமே. அவ்வாறு எடுத்த பொன் 800 டன்னுக்கு மேல். வியப்பு என்னவெனில், கண்ணுக்குத் தெரியாத வேறொன்றை அதே சுரங்கம் உலகுக்குக் காட்டியது: 1965-இல் 2 கிலோமீட்டருக்கும் கீழே, விண்கதிர்கள் வளிமண்டலத்தில் தோற்றுவிக்கும் நியூட்ரினோவின் தடத்தை அறிவியலாளர் அங்கே பதிவு செய்தனர்.

28 பிப்ரவரி 2001 அன்று சுரங்கம் மூடப்பட்டது. நீரிறைக்கும் எந்திரங்கள் நின்றபின் அடிப்பாதைகளை வெள்ளம் நிறைத்தது. இரு பாதைகளுக்கிடையே எஞ்சியுள்ள தாதுவை இனிக் கம்பிச்சுருள் கொண்டு கேட்க வேண்டுமாயினும், முதலில் அந்த நீரை இறைத்தாக வேண்டும்.