தொலைபேசி இலக்கமும் ஒரு வைத்தியரும்

அக்கரைப்பற்றிலே புதிதாகத் தனியார் வைத்திய நிலையம் திறக்க முனைவோர், கட்டடம் எழும்பி முடியுமுன்பே கணினி, தொலைபேசி விலைப்பட்டியல்களைப் புரட்டத் தொடங்கிவிடுகின்றனர். வரவேற்பு மேசைக்கும் வைத்தியரின் அறைக்கும் மருந்து கொடுக்கும் இடத்துக்கும் ஒவ்வொரு கணினி, அவற்றை இணைக்கும் கம்பி, அறைக்கு அறை பேச ஒரு சிறு இணைப்பகம், மின்தடையைத் தாங்க மின்கலம் என்று பட்டியல் நீளுகிறது. அண்மையில் இளம் வைத்தியர் ஒருவர் அத்தகைய பட்டியலொன்றை என்னிடம் காட்டினார். நோயாளிக்கு எவ்வாறு இலக்கமிடுவது என்பது மட்டும் அதில் எங்குமே இல்லை. தொலைபேசிக்கு இலக்கத்தைக் கொடுத்ததே ஒரு வைத்தியர்தான் என்பதால், அந்தப் பழங்கதையை இங்கு பதிவு செய்யலாமெனத் தோன்றியது.

தொலைபேசி பிறந்த மறு ஆண்டே அது வைத்தியர்களிடம் போய்ச் சேர்ந்தது. 1877 இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில், ஐசக் ஸ்மித் என்ற மருந்துக் கடைக்காரர் தமது கடையை நகரின் 21 வைத்தியர்களுடன் கம்பியால் இணைத்தார். 1878 ஜனவரி 15 ஆம் திகதி இரவு, அருகிலிருந்த டாரிஃப்வில்லில் பாலம் இடிந்து ரயில் ஆற்றில் வீழ்ந்தபோது, வைத்தியர்களை எழுப்பித் திரட்டியது அந்தக் கடைத் தொலைபேசியே. அதே மாதம் நியூ ஹேவனில் தொடங்கிய இணைப்பகம் அடுத்த மாதம் வெளியிட்ட ஒற்றைத்தாள் விவரக்கொத்தில் 50 சந்தாதாரர்கள் இருந்தனர். அவர்களிடையே வைத்தியர்களும் உளர். இலக்கமோ ஒன்றுகூட இல்லை. பெயரைச் சொன்னால் போதும், இணைப்பகத்துப் பணியாளர் நினைவிலிருந்தே கம்பியைச் சொருகுவார்.

1879 இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவெல் நகரில் சின்னமுத்து பரவியது. இருநூறுக்கும் அதிகமான சந்தாதாரர்களின் பெயர்களை மனத்திலே வைத்திருந்தவர்கள் நான்கே பணியாளர்கள். இந்நால்வரும் படுத்துவிட்டால் புதிதாக வருபவர் என்ன செய்வார் என்று மோசஸ் கிறீலி பார்க்கர் என்ற வைத்தியர் கேட்டார். ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஓர் இலக்கம் கொடுங்கள் என்று யோசனையும் கூறினார். மனிதரை எண்ணாக்குவதை மக்கள் அவமதிப்பாகக் கொள்வரோ என்று நிர்வாகம் முதலில் தயங்கிற்றாம். (மனிதப் பணியாளரே வேண்டாத தானியங்கி இணைப்பகத்துக்கு 1891 இல் காப்புரிமை பெற்ற அல்மன் ஸ்ட்ரோஜர் பிணங்களை அடக்கம் செய்யும் தொழிலைச் செய்தவர். வைத்தியருக்குப் பின் அவர் வருவது முறைதானே!)

பார்க்கர் அஞ்சியது பணியாளர்களின் நினைவு அழிவதைத்தான். நமது கரையோரத்தில் அழிந்தது வேறு. அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக் நோயாளி தமது வரலாற்றை ஒரு கொப்பியில் வீட்டிலேயே வைத்திருப்பார். எளிய, நல்ல ஏற்பாடு அது. ஆனால் 2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கி அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனபோது, வீடுகளோடு கொப்பிகளும் போயின. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பதைத் தப்பியவரின் ஞாபகத்திலிருந்தே கேட்டறிய வேண்டியதாயிற்று. அந்நாட்களில் இலங்கை மென்பொருளாளர்கள் அவசரமாக உருவாக்கிய ‘சஹானா’வில் காணாமற்போனோர் பதிவேடும் ஒரு பகுதி. அத்தகைய பதிவேடு எதிலும் பெயரைப் பொருத்துவதே முதற்சிக்கல்.

எங்கள் ஊர்ப் பெயர்களை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. முஹம்மது, முகம்மது, மொஹமட், பாத்திமா, ஃபாத்திமா. ஆங்கிலத்தில் எழுதப் புகுந்தால் எழுத்துக்கூட்டல் இன்னும் பெருகும். ஒரே தெருவில், ஒரே வயதில், ஒரே பெயரில் இருவர் இருப்பதும், அவர்களில் ஒருவருக்குப் பென்சிலின் ஒவ்வாததும் நடக்கக்கூடியதே. கணினி இவ்விருவரையும் குழப்பாதென்று நம்புவதற்கில்லை. மனிதர் நிதானித்து முகத்தைப் பார்க்கும் இடத்தில் அது பெயரைத்தான் பார்க்கும்.

இதற்கு மாற்றாகச் சிறு நிலையங்கள் பல, நோயாளியின் தொலைபேசி இலக்கத்தையே அடையாளமாகக் கொள்கின்றன. விற்பவர்களும் அதையே பரிந்துரைக்கிறார்கள். என் கருத்தில் இது ஆபத்தான சோம்பல். லோவெலின் இலக்கம் ஒரு கம்பிக்கு உரியது, ஓர் உடலுக்கு அன்று. இங்கே ஒரு கைத்தொலைபேசியை உம்மாவும் மூன்று பிள்ளைகளும் பகிர்கின்றனர். வாப்பா கட்டாரிலிருந்து திரும்பினால் இலக்கம் மாறும். அன்றாடம் வரிசைக்குக் கொடுக்கும் துண்டு இலக்கமும் மாலையோடு காலாவதியாகும். ஆயுளுக்கும் மாறாத ஓர் இலக்கத்தை நிலையமே முதல் வருகையில் கொடுத்து, கணினியிலும் நோயாளியின் கொப்பி அட்டையிலும் எழுதிவிட வேண்டும். தொலைபேசி இலக்கம், தேசிய அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி யாவும் அதன் கீழ் வரும் துணை விவரங்களே.

கொப்பி எதற்கு என்று கேட்பவர்கள் 2022 மார்ச் மாத இறுதியை நினைத்துக்கொள்ளட்டும். நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நின்றபோது எந்த மின்கலம் தாங்கிற்று? அட்டையில் இலக்கம் இருந்தால், அன்று கையால் எழுதியதை மறுநாள் உரியவரின் கணக்கிலேயே ஏற்றலாம்.

அதே 2022 இல் நிறைவேறிய 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தகவலை விசேட வகையில் சேர்த்துள்ளது. எனவே வரவேற்பு மேசையிலிருப்பவருக்குப் பெயரும் முறையும் தெரிந்தால் போதும், நோய் தெரிய வேண்டியதில்லை. மென்பொருளை வாங்குமுன் இந்தப் பிரிப்பு அதில் உண்டா எனக் கேட்க வேண்டும். பதிவுகளின் பிரதியொன்று ஒவ்வோர் இரவும் கடல் எட்டாத ஊர் ஒன்றுக்குப் போக வேண்டும். இளம் வைத்தியரின் பட்டியலில் பிரதிக்கென ஒரு பெட்டி இருந்தது. அதை வைக்கக் குறித்திருந்த இடம், கணினிக்கு அடுத்த அலுமாரி.