ஜவ்வாது மலை: காட்டைத் தின்னது யாரு?

போளூர்லேர்ந்து ஜமுனாமரத்தூர் போற பஸ்ஸில் பக்கத்து சீட் பெரியவர் அடிச்சுச் சொன்னார்: "மலையில ஜனம் பெருகிப்போச்சு சார். அதான் சந்தனமெல்லாம் காலி." நானும் தலையாட்டி வெச்சேன். வீட்டுக்கு வந்தப்புறம்தான் உறுத்துச்சு.

இங்கே இருக்கிற மலையாளிகளே (கேரளத்துக்காரங்க இல்லை, மலைவாசிகள்) வந்து குடியேறினவங்கதான். 1909-ல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பில் அவங்க பூர்வகதை இருக்கு. வேடர்கள் தூக்கிட்டுப் போன பெண்களை மீட்க, காஞ்சிபுரத்து வேளாளர்கள் ஏழு பேர் ஏழு நாய்களோட கிளம்பினாங்களாம். பாலாற்றில் வெள்ளம். நாய்கள் மட்டும் வீடு திரும்ப, ஆள் போயாச்சுன்னு கருமாதியே முடிச்சுட்டாங்க. அப்புறம் திரும்பி வந்தவங்களுக்கு ஊரில் இடமில்லை, மலையேறினாங்க. கதையோ நிஜமோ, கீழே இடமில்லாதவனை மலை ஏத்துக்கிச்சு. சாமை விதைச்சுப் பிழைச்சாங்க.

அப்போ சந்தனம் எங்கே போச்சு? அரசாங்கம் வெட்டினது திருப்பத்தூர் கிடங்கில் ஏலம் போச்சு. கள்ளக்கட்டை ராத்திரியில் மலை இறங்குச்சு. வாசனை ஊருக்கு, வெட்டுக்கூலி மட்டும் மலைக்காரனுக்கு.

சந்தனம் அருகினப்புறம், கோடாலி பிடிச்சுப் பழகின கையை ஏஜெண்டுகள் ஆந்திராவுக்குக் கூட்டிப்போனாங்க, செம்மரம் வெட்ட. 2015 ஏப்ரல் 7, திருப்பதி பக்கம் சேஷாசலம் காட்டில் 20 பேரை ஆந்திர போலீஸ் சுட்டுக்கொன்னது. எல்லாரும் தமிழ்நாட்டுக் கூலிகள். ஜவ்வாது மலைக்காரங்களும் அதில் உண்டு. தாக்கினாங்க, சுட்டோம்னு போலீஸ் சொன்னதை மனித உரிமைக்காரங்க ஏத்துக்கலை.

செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே இயற்கையா வளர்ற மரம். அதை வெட்டுறது தப்புதான், மழுப்பலை. ஆனா அதை விலை கொடுத்து வாங்கினது சீனாவிலும் ஜப்பானிலும் இருக்கிற சந்தை. செத்தவன் வீட்டில் செம்மர நாற்காலி கிடையாது.

1974-ல் காரெட் ஹார்டின்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர், பூமி ஒரு உயிர்காப்புப் படகு, இடம் கம்மி, நீந்தி வர்ற எல்லாரையும் ஏத்தினா மொத்தமும் மூழ்கும்னு எழுதினார். பஸ் பெரியவர் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். ஜனத்தொகை ஒரு பிரச்சினையே இல்லைன்னு நான் சொல்லலை. ஆனா படகில் தலையை எண்ணுறதுக்கு முன்னாடி மூட்டையை எண்ண வேணாமா?

எங்க பூஜையறையில் தாத்தா காலத்துச் சந்தனக்கட்டை ஒண்ணு இருக்கு. எங்கேர்ந்து வந்ததுன்னு இதுவரை யாரும் கேட்டதில்லை, நானும்தான். உங்க வீட்டில்?