கெலவரப்பள்ளி நீர்த்தேக்கத்தில் ஆக்சிஜன் அளந்த நேரம்: மிதவை ரோபோக்கள் குறித்து ஒரு மறுப்பு

தென்பெண்ணை மாசு பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி, மாசுக்குப் பொறுப்பு யார் என்ற கேள்வியிலேயே செலவாகிவிட்டது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே இறங்கும் பெங்களூருக் கழிவுநீரா, கர்நாடக–தமிழ்நாடு எல்லையின் இருபுறமும் உள்ள தொழிற்பேட்டைகளா என்ற வழக்கில் ஒவ்வொரு தரப்பும் எண்களை அடுக்குகிறது. அந்த எண்கள் எந்த மணிக்கு எடுக்கப்பட்டவை என்ற கேள்வி அதிகம் எழவில்லை. அவற்றுள் ஓர் எண்ணின்மேல் கட்டப்பட்ட ஒரே ஒரு முடிவை மட்டும் இங்கே பரிசீலிக்கிறேன்.

முடிவு இது: எல்லையில் ஆற்றுநீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைவு, அதற்குக் கீழே அதே ஆற்றிலுள்ள கெலவரப்பள்ளி நீர்த்தேக்கத்தின் மேற்பரப்பில் அது கூடுதல், ஆகவே அணை ஓர் இயற்கைச் சுத்திகரிப்புத் தொட்டியாக இயங்குகிறது. கேட்பதற்கு ஆறுதலான வாசிப்பு. கீழே பாசனம் பெறும் ஏறத்தாழ 8,000 ஏக்கர் பற்றிய கவலையையும் அது பாதி குறைத்துவிடுகிறது. உணரி பொருத்திய சிறு மிதவை ரோபோவை நீரில் விட்டு ஆக்சிஜன் வரைபடம் வரைந்தால் இது மேலும் உறுதிப்படும் என்ற எதிர்பார்ப்பும் இப்போது சேர்ந்திருக்கிறது. வாசிப்பு தவறு என்றே கருதுகிறேன். ரோபோ வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. அது எதைச் செய்யும் என்பதில்தான்.

கையால் எடுக்கப்படும் மாதிரிகள் வழக்கமாகப் பகல் மாதிரிகள். விங்க்லர் முறையில் கரைந்த ஆக்சிஜனைக் கரையிலேயே நிலைப்படுத்திவிடுகிறோம்; அதனால் குப்பிக்குள் அடைபடுவது அந்த மணியின் நீர் மட்டுமே. கழிவுநீரின் நைட்ரஜனும் பாஸ்பரசும் தேங்கிய நீர்த்தேக்கத்தில் பாசி செழிக்கும். வெயில் ஏற ஏற அது ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனை வெளியிடும். இரவு முழுவதும் பாசியும் பாக்டீரியாவும் அதையே சுவாசித்துத் தீர்க்கும். மிகக் குறைந்த அளவு விடியலுக்குச் சற்று முன்னர் வரும். அந்நேரத்தில் மாதிரி எடுக்கும் வழக்கம் இல்லை. பகல் 11 மணிக்குக் கிடைக்கும் உயர்ந்த எண் தூய்மையைக் காட்டலாம், பாசிப் பெருக்கத்தையும் காட்டலாம். எண்ணை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க இயலாதா?

ஓரளவு இயலும். காற்றிலிருந்து கரையும் ஆக்சிஜனுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கடல்மட்டத்தில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 8.3 மில்லிகிராம். கெலவரப்பள்ளி அமைந்துள்ள ஓசூர் மேட்டுநிலம் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டரை ஒட்டிய உயரத்தில் உள்ளது. காற்றழுத்தம் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆக, இங்கே அந்த உச்சவரம்பு 7.5 அளவில் நின்றுவிடுகிறது. சமவெளி அட்டவணையை அப்படியே கையாள்பவர்களுக்கு 8 என்ற எண் சாதாரணமாகத் தோன்றும். ஓசூரில், அதே வெப்பநிலையில், அது மிகைச்செறிவு. நீர் மதகிலோ பாறையிலோ விழுந்து காற்றைக் கலந்துகொண்டதால் கூடியிருக்கும் என்ற விளக்கம் இங்கே எடுபடாது: அலையும் காற்றும் நீரைச் செறிவுநிலை வரை கொண்டுசெல்லும், அமைதியான நீர்ப்பரப்பை அதற்கு மேலே நிறுத்திவைப்பது பெரும்பாலும் ஒளிச்சேர்க்கைதான். வெப்பநிலையும் உயரமும் குறிக்கப்படாத ஆக்சிஜன் எண்ணை இந்த வாதத்தில் சான்றாக ஏற்பதற்கில்லை.

இன்னொரு சான்று ஆக்சிஜன் எண் பதிவான அட்டவணையின் அடுத்த நிரலில் இருக்கிறது. அணை உண்மையிலேயே கழிவைச் செரிக்கிறது என்றால், ஆக்சிஜன் ஏறும்போது உயிர்வேதி ஆக்சிஜன் தேவை இறங்க வேண்டும். இரண்டும் சேர்ந்து உயர்ந்து நின்றால் அந்த விளக்கம் தளர்கிறது. அந்தத் தேவையை அளக்க இருட்டில் மூடிவைத்த குப்பிக்குள் பாசியும் ஆக்சிஜனைத் தின்னும் என்பது நினைவுக்கு வரவேண்டும்.

இதைவிடக் கடுமையானது அம்மோனியா. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் மீன்வளத்துக்கான ‘டி’ வகை நீருக்குக் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. தனி அம்மோனியா 1.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பாசி பகலில் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்ச, நீரின் காரத்தன்மை ஏறும். பிஎச் 7 இல் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும் தனி அம்மோனியா, பிஎச் 9 இல், 25 பாகையில், மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறது. பிற்பகலில் ஆக்சிஜன் விதியில் தேறும் நீர் அதே மணியில் அம்மோனியா விதியில் தவறலாம். விடியலில் இதுவே தலைகீழாகலாம். ஒரு வேளை மட்டும் எடுத்த மாதிரியை வைத்து ‘டி’ வகை என்று எழுதுவது எந்த மீனுக்கும் உதவாது.

ரோபோவுக்கான தேவை இங்கே தொடங்குகிறது. நிலையான தானியங்கி நிலையம் இரவிலும் அளக்குமே என்பது நியாயமான எதிர்வாதம். ஆனால் அது ஒரு புள்ளியின் இரவு. ஆகாயத்தாமரை மூடிய ஓரம், திறந்த நடுநீர், ஆறு நுழையும் முகம், மதகுக்கு அருகிலுள்ள ஆழம் ஆகியவற்றின் இரவுகள் வேறுவேறு. விடியலுக்கு முந்தைய இருட்டில் ஆளைப் படகில் அனுப்புவதைவிட ஒரு சிறு மிதவையை அனுப்புவது எளிது.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தார் அன்னப்பறவை வடிவில் உருவாக்கிய ‘என்யூஸ்வான்’ நீர்த்தேக்கங்களில் இப்படிச் சுற்றியிருக்கிறது. அங்கே ஆகாயத்தாமரை வேர் விசிறியில் சிக்கும் தொல்லை இவ்வளவு இருந்திருக்காது.

வரைபட ஆசைக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு தேவை. மிதவை விநாடிக்கு அரை மீட்டர் நகர்ந்தால் ஒரு கிலோமீட்டருக்கு அரை மணி நேரத்துக்கும் மேலாகும். காலை 6 மணிக்கு அணைக்கரையில் புறப்பட்டு 10 மணிக்கு ஆற்றுமுகத்தை எட்டும் மிதவை, ஆற்றுமுகத்தில்தான் ஆக்சிஜன் அதிகம் என்று வரையும். மறுநாள் எதிர்த்திசையில் அனுப்பினால் அணைக்கரையில் அதிகம் என்று வரையும். இரண்டிலும் பதிவாவது பெரும்பாலும் சூரியன் ஏறியதுதான். ஒரு திசையில் ஒருமுறை ஓடிய தடத்தை இடவரைபடம் என்று அச்சிடுவது, பகல் மாதிரி செய்த அதே பிழையை வண்ணத்தில் செய்வதாகும். நடுநீரில் ஒரு நிலையான உணரி, அதன் அருகே மிதவை குறித்த இடைவெளியில் திரும்பி வரும் மூடிய சுற்று, இருதிசை ஓட்டம் ஆகிய மூன்றும் இல்லாத தரவை நான் ஏற்கமாட்டேன்.

உணரித் தரவு சட்டத்தில் செல்லாது என்பார்கள். 1974ஆம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு மாதிரி எடுப்பதற்குத் தனி நடைமுறை வகுத்திருப்பது உண்மையே. வழக்குக்கான சான்று இங்கே தேடப்படவில்லை. செலவும் திருட்டும் நிர்வாகச் சிக்கல்கள், வாதத்தைத் தொடுபவையல்ல. மதகு திறக்கும்போது பொங்கும் நுரையை அளக்க ரோபோவைப் பயன்படுத்தலாம் என்ற யோசனையும் எனக்கு உவப்பில்லை: நுரையின் உயரம் சலவைப்பொருளின் அளவோடு, நீர் விழும் வேகத்தையும் சார்ந்தது.

முதல் ஓட்டத்தைக் கோடையில், நீர்வரத்து குறைந்த நாள்களில், விடியலுக்கு முன்பும் பிற்பகல் 3 மணிக்கும் வைப்பது தகும். அதற்குக் காத்திராமல் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு: தென்பெண்ணை குறித்து வெளியிடப்படும் ஒவ்வொரு அட்டவணையிலும் மாதிரி எடுத்த மணி, நீரின் வெப்பநிலை, அன்றைய மதகுத் திறப்பு ஆகியவற்றுக்கு மூன்று நிரல்கள் சேர்க்கப்பட வேண்டும். இதழாசிரியர்கள் அவை இல்லாத அட்டவணைகளைத் திருப்பி அனுப்ப வேண்டும்.