நிலச் சீர்திருத்தமும் மலையகத் தொழிலாளரும்

இலங்கையின் பொருளாதார வரலாற்றிலே 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்கள் ஒரு திருப்புமுனையாகக் கொள்ளப்படுகின்றன. முதலாவது சட்டம் தனியார் நிலவுடைமைக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது; பொதுக் கம்பனிகளின் தோட்டங்களுக்கு விலக்களித்தது. 1975ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அவ்விலக்கை நீக்கி, 4 இலட்சத்துக்கு மேற்பட்ட ஏக்கர் நிலத்தை அரசுடைமையாக்கியது. நுவரெலியா, அட்டன் பகுதிகளின் பெருந்தோட்டங்கள் இவ்வாறே கைமாறின.

அந்நிய மூலதனத்தின் பிடியைத் தளர்த்திய அளவில் இந்நடவடிக்கை வரவேற்கத்தக்கதே. ஆயின், ஒரு கொள்கையை அதன் நோக்கத்தைக் கொண்டு மட்டும் மதிப்பிடலாகாது. அதன் பயன் யாரைச் சென்றடைந்தது என்பதையும் நோக்குதல் வேண்டும்.

இவ்விடத்து 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நினைவுகூரற்பாலது. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரசின் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களுட் பெரும்பாலோர் அதன் விளைவாக வாக்குரிமையையும் இழந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை இரு நாடுகளும் பகிர்ந்துகொள்ளவேண்டிய தொகையாகக் கண்டது. அவ்வொப்பந்தம் நிறைவேறிக்கொண்டிருந்த காலத்திலேயே நிலச் சீர்திருத்தமும் வந்தது. எனவே, காணியற்ற கிராமத்தவர் பயன்பெறத்தக்கோராகக் கருதப்பட்டனர். தலைமுறைகளாக அம்மண்ணிற் கொழுந்து பறித்தோர் அவ்வாறு கருதப்படவில்லை.

விளைவுகள் கொடியன. 1973-74இன் உணவு நெருக்கடியில் பங்கீட்டு உணவு குறைந்து, சந்தை விலை ஏறியபோது, லயன் அறைக்கு அப்பால் பயிரிடுதற்குப் போதிய நிலமற்ற தொழிலாளர் பட்டினிக்குள்ளாயினர். தோட்டங்களில் இறப்பு வீதம் உயர்ந்தது. 1977 மே மாதத்தில், தோட்டக் காணிகளைப் பிறர்க்குப் பகிர்ந்தளிக்கும் முயற்சியை எதிர்த்துத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். தலவாக்கலையை அடுத்த டெவன் தோட்டத்திலே சிவனு லெட்சுமணன் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்.

நன்மைகளே விளையவில்லை எனல் பொருந்தாது. தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்பில் வந்தன. 1984இல் ஆண், பெண் இருபாலார்க்கும் சம வேதனம் கிடைத்தது. எனினும், 1992இல் தோட்ட முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றபோதும் தொழிலாளி காணியற்றவனாகவே நின்றான். எஞ்சிய நாடற்றோரின் பிரசாவுரிமைக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்தது. 7 பேர்ச் காணியுடன் தனிவீடு வழங்கும் திட்டமோ 2015ஆம் ஆண்டின் பின்னரே உருவாயிற்று.

ஓர் ஏக்கர் 160 பேர்ச் கொண்டது. 50 ஏக்கர் உச்சவரம்பு பேசிய சீர்திருத்தம், அந்நிலத்தைப் பண்படுத்தியோர்க்கு 7 பேர்ச்சேனும் உரியதாகுமாறு செய்யவில்லை. உடைமையாளர் மாறினர், லயன் மாறவில்லை. குடியுரிமையும் நிலவுரிமையும் ஒன்றையொன்று பிரியாதவை என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.